சனிக்கிழமைக்காரரும் ஞாயிற்றுக்கிழமைக்காரரும்

பொம்மசந்திராவில் நான் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருந்த கம்பெனியில் இரும்பைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸை எந்த நாளும் அணைக்கக் கூடாது. அணைத்தால் மறுபடி சூடேற்றி எடுப்பதற்குள் உயிர் போய்விடும். செகண்ட் ஷிஃப்டில் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பொம்மனஹள்ளி அந்தோணி ஆர்.சி. கத்தோலிக்கர்; சந்தாபுரா சாமுவேல் சனிக்கிழமை ஆராதனை நடத்தும் சபை. ஒருவருக்கு வார ஆஃப் என்றால் மற்றவர் தனியாக நிற்க வேண்டும்.

கேன்டீனில் தினமும் ஒரே வழக்கு.

"ஏழாம் நாள் ஓய்வுநாள்னு கட்டளையிலயே இருக்குண்ணா. ஏழாம் நாள் சனிக்கிழமை" என்பார் சாமுவேல்.

"ஆண்டவர் உயிர்த்தது ஞாயித்துக்கிழமடா. அதுக்கு மேல என்ன வேணும்?" என்பார் அந்தோணி.

ஒருநாள் பேச்சு தடித்து, இருவரும் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு நிம்மதி. சாப்பாடாவது ஒழுங்காக இறங்கியது.

அந்த நேரம் பார்த்து புது மேனேஜர் வந்தார். "ஆஃப் எல்லாருக்கும் ரொட்டேஷன்லதான். வராதவன் வீட்டுக்குப் போகட்டும்" என்றார்.

சாமுவேல் என்னிடம் வந்தார். "வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதுலருந்து சனிக்கிழமை பொழுது சாயிற வரைக்கும் வேல செய்ய மாட்டேன் சார். வேலையே போனாலும் சரி." அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் அந்தோணி வந்தார். "வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமையும் நான் பாத்துக்கறேன் சார். ஞாயித்துக்கிழமை அவன் நிக்கட்டும்."

"அவர்கூடப் பேசறதே இல்லையே நீங்க?"

"அவன் சொல்றது தப்புதான் சார். ஆனா ஆண்டவருக்குப் பயந்துதானே அடம் புடிக்கிறான்."

மேனேஜரிடம் மன்றாடி ஒப்புக்கொள்ள வைத்தேன். "ஃபர்னஸ் நின்னா நீங்கதான் பொறுப்பு" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வந்தது. அன்று இரவுப் பூசையில் முதல் பைபிள் வாசகத்தை வாசிக்க வேண்டியவர் அந்தோணி. ஷிஃப்ட் முடியவே பத்து மணியாகும், மாற்ற ஆளில்லை. ஒரு வாரமாக எல்லோரிடமும் புலம்பியவர், அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். பொழுது சாய்ந்ததும் சாமுவேல் உள்ளே வந்து கையுறையை மாட்டினார்.

"பொழுது போயிருச்சு. கெளம்புங்கண்ணா. ஈஸ்டர் கொண்டாடச் சொல்லி பைபிள்ல எங்கயும் இல்ல, அது வேற விஷயம்."

அந்தோணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன வாசிக்கப் போறீங்க?" என்று கேட்டார் சாமுவேல்.

"உலகத்தப் படைச்சது. ஏழாம் நாள் ஓய்வு எடுக்கற வரைக்கும்."

"அப்ப அந்தக் கடைசி வரிய நல்லா சத்தமா வாசிங்க."

அந்தோணி சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

நான் ரிட்டயர் ஆகும்வரை அந்த வழக்கு தீரவில்லை. ஃபர்னஸும் அணையவில்லை. புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: இரண்டு பேரையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவர மெனக்கெடாதீர்கள். ஒருவருக்காக மற்றவர் வந்து நிற்க இடம் விட்டு ரோஸ்டர் போடுங்கள்.