பங்கிராஸ் வைத்த விருந்து

காஜா எடுக்கும்போது குடல் குழம்பு, காலர் மடிக்கும்போது ஆட்டுச் சுவரொட்டி வறுவல். புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் பங்கிராஸின் தையல் மெஷின் இப்படித்தான் ஓடும். கால் மிதிக்க மிதிக்க வாய் கறியைப் பற்றியே பேசும். "அண்ணே, ஒங்ககிட்டத் தச்ச சட்டையில மசாலா வாடை அடிக்குது" என்று பக்கத்து வளையல் கடைச் செவந்தி கேலி செய்தால், "தொவச்சாலும் போகாது தாயி" என்பார்.

இவ்வளவு பேசுகிற மனிதர் மத்தியானம் திறப்பது பழைய சோற்றுத் தூக்கு. கடைக்கு எதிரே அய்யாக்கண்ணுவின் மிலிட்டரி ஓட்டல். இவருக்குத் தெரிந்த கறியெல்லாம் அங்கிருந்து காற்றில் வருகிற கறிதான்.

அந்த ஓட்டலுக்குள் ஒருநாள் பால்ய சிநேகிதன் சந்தனராஜைக் கூட்டிப்போக வேண்டும் என்று மட்டும் வெகுகாலமாக மனசில் வைத்திருந்தார். ஆவூரில் தாயில்லாப் பிள்ளையாகத் திரிந்த பங்கிராஸைத் தன் மகனோடு உட்காரவைத்துச் சோறு போட்டவள் சந்தனராஜின் ஆத்தா. அவள் போய்ச் சேர்ந்தாள். மகன் பிலாய் உருக்காலைக்குப் போய்விட்டார். அந்தக் கைக்கு ஒரு வேளைச் சோறு திருப்பிப் போடவில்லையே என்ற குறை பங்கிராஸுக்கு நெஞ்சில் முறிந்த ஊசி.

போன மாதம் லீவில் வந்த சந்தனராஜ், திரும்பும் வழியில் ஒரே ஒரு ராத்திரி இங்கே தங்கினார். சொன்ன நாளைவிட ஒரு நாள் தள்ளித்தான் வந்தார். விடிந்தால் ரயில். பங்கிராஸ் மெஷினுக்குத் துணியைப் போர்த்திவிட்டு, குளிக்கக்கூட விடாமல் அவரை ஓட்டலுக்கு இழுத்துப் போனார்.

பெஞ்செல்லாம் காலி. "ஒனக்காகவே ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கு பாருடா."

"அங்க ரொட்டியும் பருப்பும் தின்னு நாக்கே செத்துப்போச்சுடா" என்றார் சந்தனராஜ்.

இலையில் சோறு விழுந்தது. நெஞ்செலும்பாகப் பார்த்துக் குழம்பு ஊற்றிய அய்யாக்கண்ணு, "நல்லா சாப்பிடுங்க. வெள்ளிக்கெழமைன்னா நம்ம கடையில ஈதான் ஓட்டணும்" என்றார்.

இருவர் கைகளும் பிசைந்தபடியே நின்றன. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், சிலுவை போட்ட வேதக்காரர் வாயில் கறி படக்கூடாது. வந்த சந்தோஷத்தில் இருவருக்குமே கிழமை மறந்துவிட்டது.

"பயணம் போறவனுக்குப் பாவமில்லடா. நீ தின்னு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் பங்கிராஸ். குரல் கெஞ்சியது.

"எங்காத்தா வெள்ளிக்கெழம ஒனக்குக் கறியா போட்டுச்சு?"

"ரசம்."

"அப்ப ரசத்தக் கொண்டாரச் சொல்லு."

அய்யாக்கண்ணு முணுமுணுத்துக்கொண்டே வேறு இலை போட்டார். கறிக்கடையில் ரசத்தை யார் கவனித்து வைப்பார்கள்? ஆறிப்போய், புளித்தண்ணீராக இருந்தது. சந்தனராஜ் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். பங்கிராஸுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

சந்தனராஜ் கை கழுவ எழுந்து போனார். இலை எடுக்க ஓட்டல் ஆள் வந்தான். "விருந்து வச்சவன்தான் எடுக்கணும்" என்று பங்கிராஸ் அவனைக் கையால் தடுத்தார். தன் இலையை அப்படியே விட்டுவிட்டு, சிநேகிதன் உண்ட இலையை ஒரு பருக்கை சிந்தாமல் மடித்து, இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார்.