கறுப்புக் கரை போட்ட அட்டை

உலகப் போர் தொடங்குவதற்கு முந்திய வருடம் நடந்தது இது. கோப்பாயில் எங்கள் வீட்டில் நான் தனிக்கட்டை. அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அப்பாவும் போய் ஒரு வருடம் முடியப் போகிறது. ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

எனக்கு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கும் வேலை. அங்கே இருந்த துரைசாணிக்கு ஒருமுறை சீமையிலிருந்து ஓர் அட்டை வந்தது. இறந்துபோன அவருடைய தாயாரின் நினைவுக்காக உறவினர் அனுப்பியது. சுற்றிவரக் கறுப்புக் கரை, நடுவே நாலு வரி. அப்பாவுக்கும் அப்படிச் செய்யவேண்டும் என்று அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. பன்னிரண்டு அட்டை வெட்டி, ஒவ்வொன்றின் மூலையிலும் அப்பாவின் குடையை வரைந்தேன். புகையிலைத் தோட்டத்துக்குப் போகும்போதும் குடை பிடித்துக்கொண்டு போன மனிதர் அவர். ஊர் சிரிக்கும், அவர் கவனிக்கமாட்டார். கீழே திவச நாளை எழுதி, சுற்றிவரக் கறுப்பு மையால் கரை போட்டேன். கை நடுங்காமல் இழுத்த அந்தக் கோடுகளில் எனக்குப் பெருமையோ பெருமை.

பதினொரு அட்டை உறவினர்களுக்குப் போய்விட்டது. மிச்சம் மாமிக்கு. அப்பாவின் ஒரே தங்கை, தாயில்லாத என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். கலியாணமாகித் தென்மராட்சிக்குப் போன பிறகு, சீதனக் காணியின் வேலி விஷயத்தில் அண்ணனும் தங்கையும் கொழுவிக்கொண்டார்கள். ஆறு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கும் மாமி வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவேயில்லை. ஆனாலும் அப்பாவுக்காக ஒரு தடவையாவது அவர் எங்கள் படலையைத் திறந்து வரவேண்டும் என்று கிடந்து ஏங்கினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு அதையும் தபாலில் போட்டேன்.

படித்த மடையன் என்றால் நான்தான். துரைசாணியின் நாட்டில் கறுப்புக் கரை நினைவுக்கு. எங்கள் ஊரில் அது இழவுச் சேதி. பார்த்த கையோடு கிழித்துப் போடவேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது. மற்றவர்கள் வாசித்துப் பார்த்து, என்னை நன்றாகத் திட்டியதோடு விட்டுவிட்டார்கள். மாமிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வாசித்துச் சொல்லும் மாமா அன்று சந்தைக்குப் போயிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். படலையடியில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. உடனே ஒப்பாரி கேட்டது.

"என்ரை ராசா, என்னை விட்டிட்டுப் போயிட்டியே..."

பக்கத்தில் யார் வீட்டில் என்ன நடந்ததோ என்று, சவர்க்காரம் வழிய ஈரச் சாரத்தோடு ஓடினேன். தலைமயிரை விரித்துப் போட்டபடி மாமி நின்றார். என்னைக் கண்டதும் குரல் அப்படியே நின்றுபோயிற்று. கிட்ட வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முதுகில் இரண்டு அறை. சும்மா அறை இல்லை, விரல் பதிந்த அறை. அதற்குப் பிறகுதான் என்னைக் கட்டிப்பிடித்தார்.

கோப்பாயிலிருந்து வந்தது என்று தபால்காரர் சொல்லியிருக்கிறார். கறுப்புக் கரை கண்ணுக்குத் தெரிகிறது. இந்த வீட்டில் சாக மிச்சமிருந்தவன் நான் ஒருவன்தானே. அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு, மாமா வரும்வரைகூட நிற்காமல் வண்டி பிடித்திருக்கிறார்.

அது அப்பாவின் நினைவு அட்டை என்று சொன்னேன். மாமி முற்றத்து மண்ணில் அப்படியே இருந்துவிட்டார்.

"அண்ணையின்ரை செத்தவீட்டுக் கடுதாசியையும் இப்பிடித்தான் கிழிச்சுப் போட்டிட்டு, வீறாப்பிலை வீட்டிலை இருந்திட்டன் தம்பி. பிறகு எந்த முகத்தோடை வாறது? இண்டைக்கு நீயும் போயிட்டாய் எண்டு நினைச்சன். இனி நான் ஆரோடை கோவிக்கிறது?"

பிறகு, அண்ணையே என்று ஒரு குரல் எடுத்தார். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது. நானும் அழுதேன். செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. சாய்ந்து அழ எனக்கு அன்று ஆள் இருக்கவில்லை.

பின்னேரம் முகம் கழுவித் தேத்தண்ணீர் குடித்த பிறகு, தனக்கு வேறோர் அட்டை வேண்டும், கறுப்புப் பூசாமல் வேண்டும் என்று கேட்டார். பக்கத்திலிருந்து நான் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், குடை முடிந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"உது ஆற்றையோ குடை. அண்ணையின்ரை குடையிலை ஒரு கம்பி எப்பவும் வெளியாலை நீட்டிக்கொண்டெல்லோ நிக்கும்."

உண்மைதான். பன்னிரண்டு முறை வரைந்தும் எனக்கு அந்தக் கம்பி நினைவுக்கு வரவில்லை. அதை வெளியே நீட்டி வரைந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மை காய்ந்ததும் மாமி அட்டையைச் சேலைத் தலைப்பில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டார். திவசத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்து, அண்ணனுக்குப் பிடித்த கறிகளையெல்லாம் தன் கையாலேயே சமைத்தார்.

எத்தனையோ பிழைகளுக்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்தக் கறுப்புக் கரைக்கு மட்டும் இன்றுவரை கேட்கவில்லை. அதை நான் சரியாகச் செய்திருந்தால், அப்பாவின் தங்கை அவருக்காக அழாமலே இருந்திருப்பார்.