இங்கிலீஷ் டீச்சர் ஆகப் போகிறவர்களுக்கு என் யோசனைகள்

யோசனை சொல்கிற உத்தியோகத்தில் ஒரு பெரிய சௌகரியம், பரீட்சை எழுதப்போவது நாம் இல்லை. வீட்டுக்காரரின் மாற்றலோடு திருநெல்வேலியிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்தவள் நான். அங்கே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பதினோரு வருஷம் இந்த வேலையைப் பார்த்தேன். வீட்டில் இங்கிலீஷ் பேசாத பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்பிக்கப் போகிறவர்கள் என்னிடம் வருவார்கள். எந்தப் பாடம் எடுக்கலாம், எந்தப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகலாம், வருகை குறைந்தால் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். நானும் சொல்வேன். உங்களில் யாராவது பிறருக்கு யோசனை சொல்லிப் பிழைப்பவராக இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நம் கஷ்டம் ஒன்றுதான்.

நான்கு நாள் லீவு

என் மாணவி குர்ப்ரீத்துக்கு ஊர் கேம்பல் பே, தெற்குக் கோடித் தீவு, கப்பலில்தான் போகவேண்டும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று அங்கே குடியேறிய பஞ்சாபிக் குடும்பம். அக்காவுக்கு நிச்சயதார்த்தம், நான்கு நாள் லீவு வேண்டும் என்று நின்றாள். "பயிற்சி வகுப்பு பாக்கி இருக்கு, நாலு நாளுக்கு மேல ஒரு நாள்கூட தள்ளக் கூடாது" என்று விரலை ஆட்டி அனுப்பினேன். கடல் என் விரலைப் பார்க்கவில்லை. காற்று, மழை, கப்பல் ரத்து, மறுபடி ரத்து. பத்தொன்பதாம் நாள் வந்து சேர்ந்தாள்.

திட்டுவதற்கு நான் வாயைத் திறக்குமுன் ஒரு நோட்டை மேஜையில் வைத்தாள். கப்பலின் அடித்தட்டில், பங்க் கிளாஸில் வந்த பதினாறு பேரை உட்காரவைத்துப் பாடம் எடுத்திருக்கிறாள். அனுமதி கேட்பது எப்படி என்பது பாடம். ஒரு ஹவில்தார், இரண்டு தெலுங்கு மேஸ்திரிகள், கோழிக்கூண்டோடு வந்த ஒரு பெங்காலி அம்மாள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். குறிப்பு என்ற இடத்தில், 'அலை அதிகம். வாந்தி எடுக்க எழுந்த நான்கு பேரும் மே ஐ கோ அவுட் என்று கேட்டுவிட்டே போனார்கள்' என்று எழுதியிருந்தாள். இதைப் பயிற்சி வகுப்புக் கணக்கில் சேர்க்க விதி இல்லையே என்று இழுத்தேன். அவள் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "மேடம், நம்ம ஸ்கூல்ல இப்படி ஒரு கிளாஸ் கிடைக்குமா? ஒருத்தர்கூட கட் அடிக்கல. சுத்தி கடல்."

இங்கிலீஷ் மட்டும்

பயிற்சிக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: உயிரே போனாலும் வகுப்பில் இந்தி வரக் கூடாது. தீவில் தமிழரும் பெங்காலியும் ராஞ்சிக்காரரும் சந்தித்தால் இந்திதான் வாயில் வரும். அது வகுப்பிலும் புகுந்துவிட்டால் இங்கிலீஷுக்கு இடமேது? அந்த வருஷம் போனவர்களில் பிமல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். நல்ல பையன், கொஞ்சம் அதிகமாகவே நல்ல பையன்.

புரோத்ராபூர்ப் பள்ளியில் அவன் வகுப்பை மேற்பார்வையிடக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நடுப்பாடத்தில் பிமல் நின்றுபோனான். என் காலையே பார்த்தான். "மேடம், தேர் இஸ் எ... லாங்... வெரி மெனி லெக்ஸ்..." என்று தடவினான். சொல் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று மதிப்பெண் தாளில் 'தயக்கம்' என்று எழுதிக்கொண்டேன். அதற்குள் முன்பெஞ்சுச் சிறுமி ஒருத்தி, "மேடம், கான்கஜூரா!" என்று இந்தியில் கத்தினாள். ஒரு ஜாண் நீளப் பூரான், என் செருப்பு ஓரத்தில். நாற்பத்தாறு வயதில் பெஞ்சு மேல் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. பூரானை அடித்துத் தூக்கிப்போட்ட பிறகு, முதலிலேயே கத்துவதற்கு என்ன என்று பிமலைப் பிடித்துக்கொண்டேன். அவன் பணிவாகச் சொன்னான்: "உயிரே போனாலும் இந்தி வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க மேடம். யார் உயிருன்னு சொல்லல."

செல்வராணியின் அப்பா

செல்வராணி கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துப் பெண். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பம். இங்கிலீஷைப் பாடமாக எடுத்தவள், மூன்றாம் வாரமே பயந்துபோய்த் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று வந்தாள். "புத்திசாலித்தனம்" என்று சொல்லி உடனே அவள் மனுவில் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அவள் அப்பா, மகளையும் இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து விரலை மடக்கினார். வீட்டில் தமிழ், இலங்கையில் சிங்களம், இங்கே வந்து இந்தி, பக்கத்துக் கிராமத்தாரோடு பழகி நிக்கோபாரி. செல்வராணி கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு மனுவை என் மேஜையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தாள். இப்போது லிட்டில் அந்தமானில் நல்ல பெயரெடுத்த இங்கிலீஷ் டீச்சர். அன்று அவள் அப்பா எழுந்து கும்பிட்டபடி சொன்னது: "நாலு பாஷைக்கும் எனக்கு ஆரும் பரீட்ச வைக்கலீங்கம்மா, அதான் வந்துருச்சி."

இறந்த காலம்

கார் நிக்கோபாரில் மார்த்தா பயிற்சி எடுத்தபோது சுனாமி முடிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. மேற்பார்வைக்கு நானும் போயிருந்தேன், பள்ளி தகரக் கொட்டகையில் நடந்தது. இறந்த காலப் பாடம் எடுக்கப்போகிறேன் என்றாள். "கடல் வேண்டாம், வீடு வேண்டாம், பூனை, பந்து, மாம்பழத்தோடு நிறுத்திக்கோ" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவளும் அந்தக் கரையில் அண்ணனை இழந்தவள்தான்.

பூனையோடுதான் ஆரம்பித்தாள். பிறகு, நீங்களே ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டுவிட்டாள். பத்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி இங்கிலீஷில் சொன்னாள். எங்கள் பன்றி வேகமாக ஓடியது. அப்பா பன்றியைத் துரத்திக் காட்டுக்குள் ஓடினார். நாங்கள் அப்பாவைத் துரத்தினோம். கடல் லேட்டாக வந்தது. வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். வினைச்சொல் ஒன்றுகூடத் தப்பில்லை. என்னால்தான் மதிப்பெண் தாளைப் பார்க்க முடியவில்லை, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. மார்த்தா என் பெஞ்சருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல மேடம். நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க."

பதினோரு வருஷத்தில் என்னிடம் யோசனை கேட்டவர்கள் எல்லோருமே நன்றாக இருக்கிறார்கள், நான் சொன்னபடி செய்யாதவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நன்றாக இருக்கிறார்கள்.