முதல் ஓட்டத்தில் இடதுபக்க இருக்கை

குருக்களின் உள்ளங்கையில் கார் சாவி இருந்தது. எஞ்சின் நிற்கவில்லை. அந்த இரண்டையும் ஒரே நொடியில் பார்த்தது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. விபூதி ஒட்டிய கை, அதில் சாவி, அதற்கு அப்பால் டாஷ்போர்டில் தானாகவே ஏறிக்கொண்டிருந்த முள். சாவியை எடுத்த பிறகும் ஓடுகிற வண்டியை அதுவரை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்தவன் நான்.

குருக்கள் இப்போது கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரின் கோயிலில் இருக்கிறார். சத்தமே வராத மின்சாரக் கார் ஓட்டுவதாகச் சொல்கிறார், கொஞ்சம் வெட்கத்தோடு. அப்போது அவருக்கு அண்ணாமலையார் கோயிலில் பூஜை முறை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். காலையில் சன்னதியில் தீபாராதனை காட்டுபவர், மதியம் குடுமியை இறுக்கி முடிந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேங்கிக்காலில் மெக்கானிக் பாயின் ஷெட்டில் தன் பழைய டீசல் காருக்கு அடியில் படுத்திருப்பார். ஐந்து கார் வைத்திருந்த ஐந்து பேர் நாங்கள். அதில் ஒருவர் வங்கி மேனேஜர். தன் காரின் இன்ஜெக்டரைக் கழற்றி இன்னொருவருக்கு ஒரு வாரம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் வேலைக்குப் போனவர் அவர். அந்தக் கும்பலில் அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பாய் போட்டது. வண்டியில் பெரிய வேலை ஏதாவது முடிந்தால், வேலை செய்தவர் முதல் ஓட்டத்தில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். “போல்ட்டு முறுக்குன கை வண்டியில குந்தணும். அப்பதான் ஒழுங்கா முறுக்கும்” என்பார் பாய். நான் எத்தனை வண்டிகளில் அப்படி உட்கார்ந்திருப்பேன்! அது ஒரு பதவி போலத்தான் இருந்தது எனக்கு.

குருக்கள் தன் காருக்குப் பெரிய டர்போ வாங்கினார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற அந்த உருளை, நத்தை ஓடு மாதிரி பளபளவென்று பெட்டியிலிருந்து வெளியே வந்தது. நான்தான் மாட்டுவேன் என்று அடம்பிடித்தேன். டர்போவுக்குப் போகிற ஆயில் கீழே எஞ்சினுக்குத் திரும்பி வர ஒரு குழாய் உண்டு. ஆயில் கசியாமல் அதன் வாயில் வைக்க வேண்டிய கேஸ்கட் பெட்டியில் இல்லை. பாயிடம் கேட்டேன்.

“பேஸ்ட் வெச்சி மூடு தம்பி. கம்மியா வை. ஜாஸ்தி வெச்சேன்னா உள்ள பிதுங்கும்.”

எனக்கு அவசரம். அத்தோடு, கம்மியாக வைத்து ஆயில் ஒழுகினால் ஐந்து பேர் முன்னால் அசிங்கம் என்ற பயம். தாராளமாகவே வைத்து முறுக்கினேன். வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்தேன். உள்ளே எவ்வளவு பிதுங்கியிருக்கும் என்று யோசிக்கவில்லை. படித்த படிப்பு அந்த நேரத்தில் எங்கே போனதோ.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கம் சாலை. ஊர் தாண்டியதும் குருக்கள் மிதித்தார். முதுகை இருக்கை பிடித்து இழுத்தது. “எப்படிடா?” என்று அவர் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. மற்ற நான்கு கார்களும் பின்னால் வந்தன, என் காரைப் பாய் ஓட்டி வந்தார். பத்து கிலோமீட்டர் போய் ஒரு டீக்கடை எதிரே, அதன் பெஞ்சைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினார். பெஞ்சில் ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர், ஒரு கிழவர். சாவியைத் திருப்பி எடுத்தார்.

எஞ்சின் ஓடியது. அது மட்டுமில்லை, ஏறியது. கீழே இறங்க வழியில்லாத ஆயில் டர்போ வழியாகக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தது. தன் ஆயிலையே குடித்து ஓடுகிற டீசல் எஞ்சினுக்குச் சாவி ஒரு பொருட்டில்லை. ஆயில் தீரும் வரை ஓடும், அல்லது வெடித்துச் சிதறும் வரை. சத்தம் ஓலமாக உயர்ந்தது. பின்னால் சாலை முழுக்க நீலப் புகை. நிறுத்த ஒரே வழி, டாப் கியரைப் போட்டு, பிரேக்கை மொத்த பலத்தோடு மிதித்து, கிளட்ச்சை விட்டு எஞ்சினை மூச்சுத்திணற வைப்பது. பிரேக் தாங்காவிட்டால் வண்டி பாயும். சாவியை எடுத்ததால் ஸ்டீரிங் பூட்டிக்கொண்டுவிட்டது. பாய்ந்தால் நேராகப் பெஞ்சின் மேல்தான்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் நான் செய்தது ஒன்றுதான். கதவைத் திறந்து ஓடினேன். பெஞ்சில் இருந்தவர்களை எழுப்பக்கூட இல்லை. கடையைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது இடதுபக்கக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே குருக்கள் ஒற்றை ஆளாக, ஒரு கையால் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் சிதறி ஓடும் வரை காத்திருந்தார். அதன் பிறகுதான் கிளட்ச்சை விட்டார். வண்டி ஒருமுறை துள்ளி, ஒரு அடி முன்னால் நகர்ந்து, பெஞ்சைத் தொட்டு, செத்தது.

அந்த அமைதியில் எல்லோரும் ஓடி வந்தார்கள். நானும் நடந்து வந்தேன். வங்கி மேனேஜர் திறந்திருந்த கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் குருக்கள் சொன்னார்:

“நான்தான் அவனை இறங்கச் சொன்னேன்.”

அவர் சொல்லவேயில்லை.

ஷெட்டில் குழாயைக் கழற்றியதும் உள்ளே சுருண்டு கிடந்த பேஸ்டைப் பாய் திருப்புளியால் நெம்பி எடுத்து என் கையில் வைத்தார். “இந்தா தம்பி, உன் டிகிரி.” எல்லோரும் சிரித்தார்கள். தவறை ஒப்புக்கொண்டேன், அவ்வளவு சுலபமாக. இங்கே ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை உடைத்தவர்கள்தான். எஞ்சினைப் பிரித்துக் கட்ட ஒன்றரை மாதம் ஆனது. தினமும் போனேன், கழுவினேன், துடைத்தேன். ஒரு போல்ட்டையும் தொடவில்லை. தொட்டால் உட்கார வேண்டும். ஓடிப்போனவன் என்று தெரிந்தால் இவர்களில் யார் தன் வண்டியில் என்னை உட்கார வைப்பார்கள்? ஒரு பொய்யின் மேல் எத்தனை நாள் உட்காருவது?

கடைசி நாள் குருக்கள் அந்தக் குழாயையும் புது கேஸ்கட்டையும் என்னிடம் நீட்டினார்.

“நீ மாட்டு.”

“வேணாம் சாமி.”

“மாட்டுடா. நாழியாறது, சாயரட்சை பூஜைக்குப் போகணும்.”

மாட்டினேன். முறுக்கி முடித்து எழுந்தபோது எல்லோரும் சுற்றி நின்றார்கள். சொல்லிவிட்டேன். “அன்னிக்கு இவரு இறங்கச் சொல்லல. நானாத்தான் ஓடிட்டேன்.”

குருக்கள் கை துடைக்கிற துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய்தான் பேசினார்.

“ஏன் தம்பி, அந்தக் கூச்சல்ல அவரு சொல்லியிருந்தா மட்டும் உனக்குக் கேட்டிருக்குமா? பின்னால நாலு வண்டியில கண்ணாடி ஏத்திவிட்ட எங்களுக்கே காது அடைச்சிப்போச்சு. அவரு சொன்ன அன்னிக்கே தெரியும் எங்களுக்கு.”

ஒன்றரை மாதமாக, ஐந்து பேருக்கும் தெரிந்தே அந்தப் பொய் எங்கள் நடுவில் இருந்திருக்கிறது. ஒருவர்கூட அதைத் தொடவில்லை. டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், கிண்டல் செய்திருக்கிறார்கள், ஸ்பேனர் எடுத்துவரச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள்.

குருக்கள் வண்டியில் ஏறினார். உள்ளேயிருந்து எட்டி இடதுபக்கக் கதவைத் தள்ளித் திறந்தார். நான் உட்கார்ந்தேன்.

“சாமி, அந்தக் கதவை லாக் பண்ணிட்டு ஓட்டுங்க!” என்று கத்தினார் வங்கி மேனேஜர். ஷெட்டே சிரித்தது. நானும்.

லாக் பட்டன் குருக்களின் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கியரைப் போட்டார்.