ரத்தசோகைக்காரி வேஷம்

நர்சிங் காலேஜில் படித்த காலத்தில் எனக்கு வராத வியாதி இல்லை. காசநோய் வந்திருக்கிறது. குடற்புழு வந்திருக்கிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போடமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறேன். ஒருமுறை பாம்பு கடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மந்திரிக்கப் போய், நடுரோட்டில் செத்தும் போயிருக்கிறேன். எல்லாம் கிராமத்துப் போஸ்டிங்கில் நாங்கள் போடும் விழிப்புணர்வு நாடகங்களில். எந்த நாடகமானாலும் அறிவுகெட்ட கிராமத்துப் பெண் நான்தான்.

வேஷம் பிரிப்பவர் எங்களுக்கு சமுதாய நலச் செவிலியம் நடத்திய மேடம். "உனக்கு அந்த ஸ்லாங் நேச்சுரலா வருதும்மா" என்பார். அந்த ஸ்லாங் என்பது நான் வீட்டில் பேசும் பேச்சு. மேடத்துக்கு நாகர்கோவில் பக்கம். கோபம் வந்தால் அவர் வாயிலிருந்தும் நாகர்கோவில் எட்டிப்பார்க்கும். அதற்கு யாரும் வேஷம் கொடுக்கவில்லை. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. மதியச் சாப்பாட்டில் மீன் இருந்தால் என் டப்பாவிலும் ஒரு துண்டு விழும். நான் நன்றாக வருவேன் என்று நிஜமாகவே நம்பினார். நோயாளியாக நன்றாக வருவேன் என்றும் நம்பினார், அவ்வளவுதான்.

நர்ஸ் வேஷம் எப்போதும் என் தோழிக்கு. பாகூர் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். கஞ்சி போட்ட புடவை மாதிரி மடிப்புக் கலையாத தமிழ் பேசுவாள். நாங்கள் ஒரே பெஞ்ச், ஒரே பஸ்.

பண்பாட்டுப் பாதுகாப்பு என்று எங்களுக்கு ஒரு பாடமும் இருந்தது. நோயாளியின் பண்பாட்டை மதிக்கவேண்டும் என்று மேடம் நடத்தினார். பண்பாடு என்றால் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பூண்டுக் குழம்பு, மஞ்சள், வேப்பிலை. சாதி என்ற சொல் அந்த வகுப்பு முடியும்வரை வெளியே வராமல் எங்கேயோ பதுங்கியிருந்தது. தனக்குக் கிடைத்த கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லவேண்டியது நோயாளிதான், நர்ஸ் இல்லை என்று புத்தகத்தில் ஒரு வரி உண்டு. ஐந்து மார்க் கேள்விக்கு அதை நான் மனப்பாடம் செய்திருந்தேன்.

மூன்றாம் வருஷம் போஸ்டிங் எங்கள் ஊருக்கே விழுந்தது. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இத்தனை ஊர் இருக்க, அதுவும் நாங்கள் குடியிருக்கும் காலனிக்கு. மேடத்திடம் போய், "அது எங்க ஊர், மேடம்" என்றேன்.

"ரொம்ப நல்லது. லோக்கல் சப்போர்ட் கிடைக்கும்" என்றார்.

நாடகம் கர்ப்பிணிகளின் ரத்தசோகையைப் பற்றியது. கர்ப்பிணி இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட மறுப்பாள், மயங்கி விழுவாள், நர்ஸ் வந்து விளக்குவாள், கர்ப்பிணி கண்கலங்கிக் கும்பிடுவாள். சுபம். எனக்கு ஒரு கிழிந்த புடவை, வயிற்றில் கட்ட ஒரு தலையணை. தலையை நன்றாகக் கலைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

காலனி சமுதாயக்கூடத்தில் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். என் அம்மா கம்பெனி ஷிஃப்டில் இருந்தாள், நல்லதாகப் போயிற்று. ஆனால் என் அத்தை, அப்பாவின் தங்கை, அன்றைக்கு லீவு. சோப்பு கம்பெனியில் பேக்கிங் செய்கிறவள். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, அடுத்த தெருவில் இருப்பவரோடு பேசுகிற மாதிரியே எல்லோரிடமும் பேசுவாள். முன்வரிசையில் நாற்காலி போட்டு மேடமும், சப்சென்டர் நர்சம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். சப்சென்டர் என்கிற துணை சுகாதார நிலையம் ஊருக்குள் இருக்கிறது, கோயில் தெருவில். காலனியிலிருந்து அங்கே போக ரோட்டைத் தாண்டவேண்டும். அவ்வளவு தூரம்தான். ஆனாலும் காலனிப் பெண்கள் அங்கே ஒழுங்காகப் போவதில்லை என்று நர்சம்மா மேலிடத்துக்கு அடிக்கடி எழுதிக்கொண்டிருந்தார்.

நான் தலையணையைத் தாங்கிக்கொண்டு தள்ளாடி வந்தேன். வசனம் தொடங்குமுன் அத்தையின் குரல் வந்தது.

"இன்னாடி சேல இது? இந்த மாதிரி கிழிஞ்சத நம்ம வூட்ல வண்டி தொடைக்கக்கூட வெக்கமாட்டோமே."

கூடம் சிரித்தது. நான் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். தோழி நர்ஸாக வந்து, "ஏம்மா, மாத்திரை சாப்பிடவில்லையா?" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தபடியே நான் சொன்னேன்: "மாத்திர தின்னா கொழந்த கறுப்பா பொறக்கும்னு எங்க ஊர்ல சொல்றாங்க."

"எந்த ஊர்ல?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"நாங்க எப்ப சொன்னோம்? இந்தப் பொண்ணு இன்னா, நம்மள பத்தியா சொல்லுது?" இது இன்னொருத்தி.

"மாத்திர சாப்ட்டா வயிறு கட்டிக்கிது, வெளிய போவமாட்டேங்குது. அதான் நெறுத்தறோம்" என்றாள் அத்தை. "கறுப்பாவது செவப்பாவது. அத நடிடி."

மேடம் என்னைப் பார்த்து, கண்ணாலேயே ஸ்கிரிப்ட் என்றார். எனக்கு ஒரு பக்கம் மேடம், இன்னொரு பக்கம் அத்தை. அத்தையோடு நான் ஆயுசு முழுக்க வாழ்ந்தாக வேண்டும். "நர்சம்மா, மாத்திர போட்டா வெளிய போவமாட்டேங்குது" என்றேன்.

தோழி திகைத்தாள். ஆனால் கெட்டிக்காரி. "வாழைப்பழம், கீரை சாப்பிடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்" என்று அன்பாகச் சொல்லி என் தோளைத் தொட்டாள்.

"இல்ல இல்ல, நர்சு இப்படிப் பேசாது" என்று அத்தை எழுந்துவிட்டாள். "நீ தள்ளு பாப்பா. நான்தான் நர்சு."

தோழியின் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக் கால்மேல் கால் போட்டாள். போனை எடுத்துக் காதில் வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"எந்தத் தெரு?" என்றாள் போனுக்கு நடுவே.

"காலனி, நர்சம்மா."

"அப்படி ஓரமா நில்லு. செவுத்துல சாயாத. இன்னா வேணும்?"

"வயிறு கட்டிக்கிது."

"இதெல்லாம் பாத்தா புள்ள பெத்துக்க முடியுமா? புருஷன் பக்கத்துல போவும்போது தெரியல?"

கூடத்தில் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். நான் கையை நீட்டினேன். அத்தை பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். என் கைக்கு நேரே, நல்ல உயரத்தில் பிடித்து, விரலை விட்டாள். அட்டை என் உள்ளங்கையில் பொட்டென்று விழுந்தது.

அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் எல்லோரும் நர்சம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்சம்மா முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "நான் எந்நேரமும் போன் பேசறதில்ல" என்றார். "ஆபீஸ்ல இருந்து அன்னன்னிக்கு ரிப்போர்ட் கேக்கறாங்க. எடுக்கலன்னா மெமோ."

"சரி, நாடகத்துலருந்து போன எடுத்துடறேன்" என்றாள் அத்தை. "மாத்திர?"

நர்சம்மா எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மேடம் மைக்கைப் பிடித்து, கைகழுவும் முறையைப் பற்றி யாருமே கேட்காத ஒரு உரையை ஆற்றி நிகழ்ச்சியை முடித்தார்.

காலேஜ் பஸ்ஸில் மேடம் என்னைக் கூப்பிட்டு, "ஸ்கிரிப்ட் இருந்துச்சுல்லா?" என்றார். நாகர்கோவில் வந்துவிட்டது. நான் தலையணையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆனால் அவரும் அறிக்கை எழுதியாகவேண்டுமே. பின்னொரு நாள் அதைப் பார்த்தேன். "மக்கள் பங்கேற்பு: மிகச் சிறப்பு" என்று எழுதியிருந்தார். நல்ல மார்க்கும் போட்டிருந்தார்.

அன்றைக்கு மதகடிப்பட்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோது தோழி சொன்னாள்: "எங்க அம்மா வயல் வேலைக்கு வர்றவங்களுக்குத் தண்ணி ஊத்தறது அப்படித்தான். மேலே இருந்து. நான் அத இன்னிக்குத்தான் யோசிச்சேன்."

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"நீ எங்க வீட்டுக்கு வந்தப்ப உனக்குக் காபி டம்ளர்லதான குடுத்தாங்க?"

"பேப்பர் டம்ளர்ல."

"அன்னிக்கு எல்லாருக்கும் பேப்பர் டம்ளர்தான்."

"உனக்கு சில்வர்" என்றேன்.

பஸ் வந்தது. ஏறினோம். பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். அவள் நிறுத்தம் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். எனக்கு அன்று ஆறுதல் சொல்லும் மூடு இல்லை, பசி வேறு. மறுநாள் வந்து, "அம்மாகிட்ட சண்ட போட்டேன், சோறு போடல" என்றாள். என் டப்பாவில் பாதியைச் சாப்பிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த மாதம் அத்தையே சப்சென்டருக்குப் போனாள். கர்ப்பமெல்லாம் இல்லை, வேடிக்கை பார்க்க. மருமகளைக் கூட்டிப்போகிறேன் என்று சாக்கு. வந்து என்னிடம் சொன்னாள்: "நர்சு மாத்திரய கையில வெச்சு அமுக்கிச்சுடி. இந்தா, போதுமான்னு அமுக்கின அமுக்குல அட்டையே நசுங்கிப்போச்சு." அன்பு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் கை கையில் பட்டிருக்கிறது.

சில வருஷம் வேலை பார்த்துவிட்டு எம்.எஸ்ஸி.க்குத் திரும்பி வந்தபோது எனக்கு ஆய்வு வழிகாட்டி அதே மேடம். எங்கள் துறையில் ஆய்வு என்பது பெரும்பாலும் ஒரே கதை. கிராமத்துப் பெண்களிடம் கேள்வி கேட்பீர்கள். அவர்களுக்கு அறிவு போதாது என்று தெரியவரும். படம் காட்டிப் பாடம் எடுப்பீர்கள். திரும்பக் கேட்டால் அறிவு வளர்ந்திருக்கும். மேடம் ஒரு தலைப்பு எழுதி வைத்திருந்தார், அறிவு வளரும் தலைப்புதான்.

"மேடம், நான் அவங்க அறிவ அளக்கல. சப்சென்டர்ல அவங்கள எப்படி நடத்தறாங்கன்னு அவங்களையே மார்க் போடச் சொல்றேன்" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "உன் அத்தை நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நெறிமுறைக் குழுவில் ஒரு டாக்டர், "இதனால நர்ஸுங்க மனசு புண்படாதா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் சொன்னார்: "புண்பட்டா ஆறும் சார். கிராமத்துப் பெண்களுக்கு அறிவில்லன்னு வருஷா வருஷம் நாங்க நிரூபிச்சுக்கிட்டு வரோம். அவங்க மனசு புண்பட்டுச்சான்னு இந்தக் குழு ஒருவாட்டிகூடக் கேட்டதில்ல." குழுவில் பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது. அனுமதியும் வந்தது.

பெரிய புரட்சி செய்யப்போகிற நினைப்பில் காலனிக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் நர்சம்மாவுக்கு முழு மார்க் போட்டார்கள். "நல்லாத்தான் பாக்குது. பாவம், அதுக்கும் எவ்ளோ வேல" என்றார்கள். அத்தையும் முழு மார்க். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்குத் திரும்ப அங்கதானடி போவணும். மார்க்கக் கொறச்சுட்டு எந்த மூஞ்சோட போறது?" என்றாள் அத்தை.

மார்க்கை விட்டுவிட்டு, சப்சென்டருக்குப் போகும் நாட்களில் அவர்களோடு கூடவே போக ஆரம்பித்தேன். அப்போதுதான் பார்த்தேன். சிறுநீர்ப் பரிசோதனைக்கு டப்பா கொடுப்பார்கள். கக்கூஸ் பூட்டியிருக்கும். ஊர்ப்பெண்கள் நாலு வீடு தள்ளித் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டு வருவார்கள். காலனிப் பெண்கள் டப்பாவைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு கோயில் தெருவைக் கடந்து, ரோட்டைத் தாண்டி வீட்டுக்குப் போகவேண்டும். போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. நானும் வரமாட்டேன். "பின்னால கருவேலம் பக்கம் போங்களேன்" என்று ஒரு நாள் உதவிக்கிருந்த பெண் சொன்னாள். நிறைமாதக்காரி ஒருத்தி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு டப்பாவை மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

இதைப் போய் நர்சம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை மறக்கவில்லை. "நீ அந்த நாடகக்காரி" என்றார்.

"ஆமா."

"சாவி என்கிட்ட இல்ல. கட்டடத்த தொறந்து வெச்சப்பவே எவனோ எடுத்துட்டுப் போனது. கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு." பூட்டிய கதவைக் கையால் காட்டினார். "காலைல வரேன், சாயங்காலம் போறேன். நான் எங்க போறேன்னு நெனைக்கற? தண்ணியே குடிக்கறதில்ல. கிட்னில கல்லு இருக்குதுன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க."

அவரைத் திட்டத்தான் போயிருந்தேன். சேர்ந்து பூட்டைப் பார்த்தோம். துருப்பிடித்த சின்னப் பூட்டு.

"ஒடச்சுடலாமா?" என்றேன்.

"அரசாங்கச் சொத்து."

"கல்லு உங்களுது."

அவர் உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். இரும்புக் கட்டிலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நான் அடித்தேன், திறக்கவில்லை. "நகரு" என்று வாங்கி அவரே அடித்தார். பூட்டு விடவில்லை, தாழ்ப்பாள்தான் கழன்று விழுந்தது. அதுவும் போதும் என்று கதவைத் தள்ளினோம். உள்ளே ஒன்றும் மோசமில்லை. ஒட்டடை, ஒரு பழைய தேர்தல் தட்டி, அவ்வளவுதான். அடுத்த பரிசோதனை நாளுக்குள் நர்சம்மா வில்லியனூர் மார்க்கெட்டில் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்து உள்பக்கம் போட்டார். வெளிப்பக்கம் பூட்டே இல்லை.

ஆய்வேட்டில் இதை எப்படி எழுதுவது என்று மேடத்துக்கும் எனக்கும் ஒரு வாரம் சண்டை. "பங்கேற்பு முறையில் மேற்கொள்ளப்பட்ட இடையீடு" என்று கடைசியில் அவர்தான் சொல் கண்டுபிடித்தார். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இடையீட்டுக்குப் பயன்படுத்திய கருவி என்ன என்று கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். கருங்கல் என்றேன். தேர்வாளர் அதைச் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.