மதகடிச் சிரிப்பு

முத்துவீரன் மல்லாந்து படுத்திருக்கிறார். முதுகுக்குக் கீழே உரச் சாக்கு. முகத்துக்கு மேலே, கொக்கோ மரத்தின் அடித்தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பூ. சட்டைப் பொத்தான் அளவுதான். அதற்குள் கடுகில் பாதி இருக்கும் ஒரு கொசு நுழைய வேண்டும். நுழைந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கெமராவோடு தலையை ஒரு மயிரிழை முன்னே கொண்டுபோக வேண்டும். இதுவரை நுழையவில்லை.

மாத்தளைக்கு மேலே மிளகும் கொக்கோவும் விளையும் ஒரு தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர். மைத்துனர் குவைத்திலிருந்து கொண்டுவந்த கெமராவின் லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் முன்னால் வரும்படி திருப்பிப் பொருத்தியிருக்கிறார். "இப்புடிப் போட்டா எறும்பு எருமையாயிரும்" என்பார். பிளாஷின் வெளிச்சம் குத்தாமலிருக்க அதன்மேல் கழுவிய யோகட் கோப்பை ஒன்றைக் கவிழ்த்திருக்கிறார்.

முதல் படங்களைக் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் ஸஹாப்தீன், "என்னா கிளாக்கர், பனிமூட்டத்தயா படம் புடிச்சீங்க?" என்று கேட்டார். பூச்சியின் முதுகு துலங்கினால் கண் மங்கியது. கண் துலங்கும் நேரம் பூச்சி பறந்திருந்தது. மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. வெயில் ஏறுமுன் போனால் பூச்சி குளிரில் விறைத்திருக்கும். நம் நிழல் அதன்மேல் விழக்கூடாது. கண் துலங்க வேண்டும். மற்றது எக்கேடு கெட்டாலும் சரி.

நிறையப் பூக்கும் பழைய மரங்கள் மதகடியில் நிற்கின்றன. மதகுக்குப் பக்கத்தில் ட்ரான்ஸ்போமர். அதற்குக் காவலாக இராணுவத்தின் காவலரண். யுத்தம் நடந்த தொண்ணூற்றெட்டில் ஒரு காலை, அங்கே புதருக்குள் பிளாஷ் மின்னியது. மதகடியில், சாரமும் பனியனுமாக, கையில் கெமராவோடு ஒரு தமிழன். சந்தேகப்பட வேறென்ன வேண்டும்? சிப்பாய்கள் முழங்காலில் இருத்திவிட்டார்கள்.

கேள்விப்பட்ட மனைவி கமலாட்சி, அவருடைய அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஈ, எறும்பு, மறுபடி ஈ, வண்டு என்று பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். பிறகு இந்த மனுசனுக்கு மூளை சரியில்லை என்று சிங்களத்தில் சொன்னாள். சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கெமராவைக்கூடத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"ஒனக்கு வேற வார்த்தையே கெடைக்கலியா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"வேற என்னாங்க சொல்றது? ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டா நான் எந்த ஊர்ல போயித் தேடுவேன்?"

அதில் ஒரு பிழையும் அவருக்குத் தெரியவில்லை. அதனாலேயே இன்னும் எரிந்தது.

சில நாள் மழை பெய்து ஓய்ந்து, அவர் மறுபடி மதகடிக்குப் போன அன்று, "ஆ, பிஸ்ஸு மாத்தயா!" என்று சிப்பாய் கூவினான். பைத்தியக்கார ஐயா. முத்துவீரன் வாயைத் திறந்து, தலையை ஆட்டி, ஈயென்று சிரித்தார். தோட்டத் துரையோடு இங்கிலீசில் வாதாடுகிற வாய் அது. அந்தச் சிரிப்பை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து காலைதோறும் அதைச் சிரித்துவிட்டுத்தான் மதகடிக்கு இறங்குகிறார். பயம் போனதால் கெமராவும் அசையாமல் நின்றது. படங்கள் துலங்கத் தொடங்கின.

அப்படி ஒரு காலை காவலரணின் முன்னால் இருளாண்டி முழங்காலில் இருந்தான். அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். அடையாள அட்டையை லயத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறான்.

"கிளாக்கரய்யா, நம்ம தோட்டத்து ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

முத்துவீரனுக்கு நல்ல சிங்களம் வரும். ஆனால் அதைப் பேசிவிட்டால் நாளையிலிருந்து அவர் பைத்தியமில்லை. மதகடியில் கெமராவோடு படுத்துக்கிடக்கும், புத்தி தெளிந்த ஒரு தமிழன். சிப்பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் சிரித்தார். தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

அன்றைக்குத்தான் கொசு பூவுக்குள் வந்தது.

இருளாண்டியின் மனைவி அட்டையைக் கொண்டுவந்து காட்டி அவனை மீட்க மத்தியானமாயிற்று. மறுநாள் காலையில் ஆட்களுக்குப் பேர் பதியும் பிரட்டுக் களத்தில் எதிர்ப்பட்டவன் வழக்கம்போலக் கும்பிட்டான். "நேத்து வெளிச்சம் நல்லா இருந்திச்சுங்களாய்யா?" என்றான். பதிலுக்கு நிற்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு நடந்தான்.

ஸஹாப்தீன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஸ்டூடியோவின் கண்ணாடியில் மாட்டியிருக்கிறார். கொசுவின் இரண்டு கண்ணும் துலக்கம். மீசை கூட இழை இழையாகத் தெரிகிறது. "மாஷா அல்லாஹ், கிளாக்கர்! இந்த ஊர்ல வேற யாரு இத எடுப்பா?" என்று உரக்கச் சொல்கிறார். கல்யாணப் படம் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "இவங்களா எடுத்தாங்க?"

முத்துவீரனின் வாய் தானாகத் திறக்கிறது. தலை ஆடத் தொடங்குகிறது. சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்.