அக்காவின் மாலைக் காய்ச்சல்

என் அக்காவுக்கு ஐந்து மாதம் காய்ச்சல் அடித்தது. அந்த ஐந்து மாதமும் நான் வண்டலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், நோய்க்கிருமிகள் நம் உடம்பின் காவல் செல்களுக்குள்ளேயே எப்படிப் பிழைத்திருக்கின்றன என்று முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

அக்காவைக் கீழ்க்கட்டளையில் கொடுத்திருந்தோம். மாமா வீட்டார் அந்த ஊரின் பழைய குடும்பம். வயலெல்லாம் எப்போதோ மனைகளாகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்குப் பின்னால், இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, தகரக் கொட்டகையில் நாலு பசுக்கள் இருந்தன. தாம்பரத்தில் ஆசிரியர் வீட்டில் வளர்ந்த அக்கா, கல்யாணத்துக்குப் பிறகுதான் மாட்டைத் தொட்டாள்.

ஆடி மாதத்தில், புதிதாக வாங்கிய பசு ஒன்று நாள் நிறையாமலே செத்த கன்றைப் போட்டது. மாமா வெளியூர் போயிருந்தார். அவருடைய அம்மா நின்று சத்தம் போட, கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் இழுத்துப் போட்டது அக்கா.

"கையெல்லாம் ரத்தம்டி. ரெண்டு நாளா சோறு எறங்கல" என்று போனில் சொன்னாள். ஐயோ பாவம் என்றேன். போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கியது. காலையில் ஒன்றும் இருக்காது. நாலு மணிக்கு மேல் குளிரெடுத்துக் கொதிக்கும். பிறகு வேர்த்து ஊற்றிப் புடவை நனைந்துவிடும். பக்கத்து கிளினிக்கில் வைரல் என்றார்கள். இன்னொருவர் டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்; கொஞ்ச நாள் விட்டு மறுபடி வந்தது. மூன்றாமவர் டென்ஷன் என்றார். இதற்குள் இடுப்பு வலியும் சேர்ந்து, அக்கா சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"காலைல நல்லாத்தான் கீது. சாயங்காலம் பால் கறக்கற நேரம் பாத்துதான் இவளுக்கு ஜுரம் வருது" என்று மாமியார் என்னிடமே சொன்னார்.

நானும் யோக்கியமில்லை. "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும்க்கா, நல்லா தூங்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் அக்காவுக்குக் கரு கலைந்தது. பார்க்க வந்த உறவுக்காரர்கள் முன்னால் மாமியார், "இவ கை பட்டுதான் மாட்டுக்குக் கலைஞ்சிது. இப்ப இவளுக்கும் கலைஞ்சிடுச்சி" என்றார். பசுவுக்குக் கலைந்த பிறகுதான் அக்கா அதைத் தொட்டாள் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

தை பிறந்ததும் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தேன். நான் எழுதியதுதான். காவல் செல்களில் ஒன்றான விழுங்கு செல் கிருமியைப் பிடித்து ஒரு பைக்குள் அடைக்கிறது. அமிலமும் நொதிகளும் உள்ள இன்னொரு பை வந்து சேர்ந்தால் கிருமி செத்துவிடும். சில கிருமிகள் அப்படிச் சேரவிடாமல் தப்பித்து, செல்லுக்குள்ளேயே பெருகி, அந்தச் செல்லோடே எலும்புக்கும் மண்ணீரலுக்கும் போகின்றன. உதாரணத்துக்கு நாலைந்து பெயர் போட்டிருந்தேன். மூன்றாவது புரூசெல்லா. பக்கத்தில் என் வாக்கியம்: கருச்சிதைவான கால்நடைகளைத் தொடுவதால் மனிதருக்குத் தொற்றும், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி.

கணினியை மூடினேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போனேன்.

"மாட்டாண்டருந்து ஜுரம் வருமா? நாலு தலமொறையா மாடு வெச்சிகினு கீறோம், எங்களுக்கு இன்னா ஆயிப்போச்சு?" என்றார் மாமியார். நான் அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அதற்கென்று தனியாக ரத்தப் பரிசோதனை கேட்டு எடுக்க வைத்தேன். அதுவேதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"படிச்சிருக்கேன்க்கா."

"அப்போ, மாட்டப் பத்தி நான் சொன்னனே, அன்னிக்கு?"

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் மருந்து வாங்கும் வரிசையில் நின்றேன்.

பல வாரம் மருந்து சாப்பிட்டுக் காய்ச்சல் நின்றது. இடுப்பு நேராகவில்லை. அந்தப் பசுவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லி மாமாவிடம் கெஞ்சினேன். காட்டவில்லை. அடுத்த வாரமே குன்றத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு, ஒன்றும் சொல்லாமல் விற்றுவிட்டார். பால் வாங்க வருபவரிடம் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அங்கிருந்த அம்மாவிடம், "மாட்டுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்கம்மா. பாலை நல்லாக் காய்ச்சிக் குடிங்க. கன்னு போட்டா வெறுங்கையால தொடாதீங்க" என்று சொன்னேன்.

மறுநாளே அவர்கள் பசுவை வண்டியில் ஏற்றிவந்து, மாமா வீட்டு வாசலில் இறக்கி, தெருவே பார்க்கக் கத்தியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"இனிமே இங்க வராதடி" என்றாள். வைத்துவிட்டாள்.

யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொன்னதாகவே நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். பங்குனியில் அவள் தாம்பரம் வந்தபோது, அம்மா அடுப்படியில் இருக்க, மெதுவாகக் கேட்டேன்.

"யாரும் சொல்லச் சொல்லல. நான்தான் சொன்னேன்" என்றாள். "ஊர்பேர் தெரியாதவங்கள எச்சரிக்க குன்றத்தூர் வரைக்கும் வண்டி ஓட்டினியே. எனக்கு ஏன் அஞ்சு மாசம் ஆச்சு?"

எனக்குப் பட்டம் கிடைத்தது. விழாவுக்கு அம்மா மட்டும் வந்தாள்.